இரண்டாம் அடுக்கு எங்கே போகிறது?

லெனேசியா ஐயா:
நேற்று டொங்காட் தம்பி எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. "ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் ஃபால்கன் 9 தான் உலகின் முதல் மறுபயன்பாட்டு ராக்கெட், முழுசாகத் திரும்பி வருகிறது, நாசாவின் விண்வெளி ஓடம் (ஸ்பேஸ் ஷட்டில்) வெறும் பணவிரயம்" என்கிறார். முழுசாகவா? சுற்றுப்பாதை வரை தள்ளிக்கொண்டு போகிற இரண்டாம் அடுக்கு ஒருமுறையும் திரும்பி வருவதில்லை, பெரும்பாலும் காற்றுமண்டலத்தில் எரிந்து போகிறது. கொலம்பியா என்ற விண்வெளி ஓடம் 1981 ஏப்ரலில் போய்விட்டு, அதே நவம்பரில் மறுபடியும் போனது. தம்பி அப்போது பிறந்திருக்கவே மாட்டார்.

டொங்காட் தம்பி:
வயதை எதற்கு இழுக்கிறீர்கள்? ஓடத்தின் ஆரஞ்சு எரிபொருள் தொட்டி ஒருமுறையாவது திரும்பி வந்ததா? 135 பயணத்திலும் தூக்கித்தான் எறிந்தார்கள். ஃபால்கனில் பத்து இன்ஜினில் ஒன்பது முதல் அடுக்கோடு வந்து இறங்குகின்றன. 2015 டிசம்பரில் முதல் தடவை இறங்கியது. 2021 ஏப்ரலில், முன்பே பறந்த அடுக்கின் மேல், முன்பே பறந்த டிராகன் விண்கலத்தில் நான்கு பேர் போனார்கள்.

லெனேசியா ஐயா:
நான் கேட்டது இரண்டாம் அடுக்கை. அதற்குப் பதில் இல்லை. ஓடத்தில் சுற்றுப்பாதைக்குப் போன வாகனமே மூன்று முக்கிய இன்ஜின்களோடு ஓடுபாதையில் இறங்கியது. பக்கவாட்டு பூஸ்டர்களையும் கடலிலிருந்து மீட்டார்கள். ஃபால்கனில் பாதி வழியில் திரும்புகிற அடுக்கைக் காட்டிப் பெருமைப்படுகிறீர்கள்.

சாட்ஸ்வர்த்காரன்:
டிராகனும் சுற்றுப்பாதைக்குப் போய்த்தானே திரும்புகிறது ஐயா? ஓடத்தில் ஆயிரக்கணக்கான வெப்ப ஓடுகளைப் பயணத்துக்குப் பயணம் சோதிக்க வேண்டியிருந்தது. இரண்டு விபத்தில் 14 பேர் போனார்கள். அதை ஏன் சொல்ல மாட்டேன் என்கிறீர்கள்? ஃபால்கனைச் செய்து காட்டிய எலான் மஸ்க் நம் தென்னாப்பிரிக்காவில், பிரிட்டோரியாவில் பிறந்தவர் என்பதுதான் உங்களை உறுத்துகிறது.

ஃபீனிக்ஸ் அக்கா:
பிரிட்டோரியா பெருமையை ஆரம்பித்துவிட்டீர்களா? 2002-ல் விண்வெளிக்குப் போன முதல் தென்னாப்பிரிக்கர் மார்க் ஷட்டில்வொர்த். போனது ரஷ்யாவின் சோயுஸில். அந்த ராக்கெட்டில் எதுவும் மறுபடி பறக்காது. பத்திரமாக வந்து சேர்ந்தார். ஆள் உயிரோடு வருவதுதான் எனக்கு முக்கியம்.

சாட்ஸ்வர்த்காரன்:
பணம் கட்டிப் போன பயணி அவர். ராக்கெட் கட்டியவரோடு ஒப்பிடாதீர்கள் அக்கா.

ஃபீனிக்ஸ் அக்கா:
பல மாதம் பயிற்சி எடுத்து, சர்வதேச விண்வெளி நிலையத்தில் சோதனைகள் செய்தவரை இப்படிப் பேசாதீர்கள்.

லெனேசியா ஐயா:
விபத்தைப் பற்றிக் கேட்டீர்கள், சொல்கிறேன். 2003-ல் கொலம்பியாவின் இறக்கையை உடைத்தது அந்தத் தொட்டியிலிருந்து பெயர்ந்த நுரைத் துண்டு. திரும்பி வராத பாகத்தைப் பிரித்துப் பார்க்க முடியாது. அதனால்தான் விடாமல் கேட்கிறேன்: இரண்டாம் அடுக்கு எங்கே?

டொங்காட் தம்பி:
நுரை விழுந்தது ஏறும்போது! படமே இருக்கிறது. தொட்டி திரும்பி வந்திருந்தால் மட்டும் இறக்கை ஒட்டிக்கொண்டிருக்குமா?

லெனேசியா ஐயா:
எரிகிறதா, இல்லையா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.

டொங்காட் தம்பி:
எரிகிறது. அதனால் என்ன? ஒன்பது இன்ஜின் திரும்பி வருகிறது.

லெனேசியா ஐயா:
அப்படியானால் "முழுசாக" என்று எழுதியதை முதலில் எடுங்கள்.

டொங்காட் தம்பி:
எடுக்க மாட்டேன்.