கிட்டார் தலைக்கு யாளி வளைவு: துடுப்பு மாதிரி வருகிறது, எங்கே தப்பு?

குடந்தை_ரம்பம்:
கும்பகோணத்தில் வீட்டுக் கொல்லையில் எலெக்ட்ரிக் கிட்டார் செய்து பழகுகிறேன். இது இரண்டாவது. பாடிக்குப் பலா, நெக்குக்கு இடித்த வீட்டு உத்தரத்தில் கிடைத்த தேக்கு. எல்லாம் சரி, ஹெட்ஸ்டாக் என்கிற தலையில்தான் மாட்டிக்கொண்டேன். தஞ்சாவூர் வீணை யாளி மாதிரி முனை வளைய வேண்டும் என்று ஆசைப்பட்டு, பக்கத்துக்கு மூன்று கீ (கம்பியை முறுக்கும் திருகு) வைத்து வரைந்தேன். காகிதத்தில் பிரமாதம், அட்டையில் வெட்டி நெக்கில் ஒட்டித் தள்ளி நின்று பார்த்தால் படகுத் துடுப்பு. இன்னொன்று, முதல் கிட்டாரிலும் கிட்டத்தட்ட இதே அகலம்தான், அதில் ஜி கம்பியைச் சுருதி சேர்க்கும்போது நட்டில் (தலைக்குக் கீழே கம்பிகள் பள்ளத்தில் உட்காரும் பட்டை) 'டிக்' என்று ஒரு சத்தம் வரும், இழுத்து வாசித்துவிட்டால் சுருதி நிற்காது. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா?

உறையூர்_உளி:
உண்டு தம்பி. வெளிக்கோட்டை முதலில் வரைந்துவிட்டு அதற்குள் கீயைத் திணித்திருக்கிறீர்கள். 3+3 தலையில் டி, ஜி கம்பிகள் இரண்டும் மற்ற கீத்தண்டுகளைத் தாண்டிக் கடைசிக்குப் போக வேண்டும், தலை அகலமாக இருந்தால் நட்டைத் தாண்டியதும் வெளிப்பக்கம் ஒடிந்து திரும்பும், அந்தத் திருப்பத்தில் கம்பி சிக்கிச் சிக்கி விடுவதுதான் உங்கள் 'டிக்'. நட்டின் ஆறு பள்ளத்திலிருந்தும் நேர்க்கோடு இழுங்கள், அந்தக் கோட்டின் மேல் கீயை வையுங்கள், தலை தானாக முனை நோக்கிக் குறுகும், துடுப்பும் போய்விடும். கோட்டில் வர வேண்டியது தண்டின் நடுப்புள்ளி இல்லை, கம்பி சுற்றும் பக்கம். 6 மி.மீ. தண்டு என்றால் 3 மி.மீ. தள்ளும். இதை மறந்து நானே ஒரு தலையை வெந்நீர் அடுப்புக்குக் கொடுத்திருக்கிறேன். கீக்குக் கீ 25 மி.மீ. விடலாம், துளை பெரும்பாலும் 10 மி.மீ., ஆனாலும் கீ கைக்கு வராமல் துளை போடாதீர்கள்.

தலையைப் பின்பக்கம் சாய்க்கப் போகிறீர்களா? அப்படியென்றால் ஒரே பலகையில் வெட்டாதீர்கள், சாய்வில் நார் குறுக்கே அறுந்துவிடும், ஒருமுறை கீழே விழுந்தால் போச்சு. சரிவாக அறுத்துத் திருப்பி ஒட்டும் ஸ்கார்ஃப் ஜாயின்ட்தான் போட வேண்டும், 13 டிகிரி போதும்.

மன்னை_பேஸ்:
இவ்வளவு எதற்கு? ஃபெண்டர் கம்பெனியின் ஸ்ட்ராட் கிட்டார் தலையை அச்சடித்த மாதிரி வெட்டிவிட்டால் ஆறு கீயும் ஒரே பக்கம், கம்பியும் நேர், சாய்வும் வேண்டாம்.

உறையூர்_உளி:
சாய்வு இல்லாததால்தான் மெல்லிய கம்பிகளை அமுக்க அதில் ஸ்ட்ரிங் ட்ரீ என்ற சின்னக் கொக்கி வைக்கிறார்கள், அங்கேயும் கம்பி உரசும். விற்கிற எண்ணம் இருந்தால் அந்தக் கோட்டைத் தொடவே வேண்டாம். அமெரிக்காவில் 2009இல் ஃபெண்டரின் பாடி வடிவங்களுக்கு வணிகக்குறி தர மறுத்தார்கள், தலை வடிவம் மட்டும் பதிவுபெற்ற குறியாகவே இருக்கிறது. கிட்டாருக்குத் தலைதான் கையெழுத்து. ஆறும் ஒரே பக்கம் என்ற யோசனை யாருக்கும் சொந்தமில்லை, வியன்னாவில் ஷ்டாஃபர் என்ற கிட்டார் ஆசாரி 19ஆம் நூற்றாண்டிலேயே அப்படிச் செய்தார்.

ஐயாறு_பிரடை:
எங்கள் தாத்தா தஞ்சாவூரில் வீணை செய்தவர், அதனால் யாளி பற்றி மட்டும் சொல்கிறேன். வீணையில் யாளி பிரடைகளுக்கு (கம்பி முறுக்கும் முளைகள்) அப்பால் இருக்கிறது, கம்பி அதுவரை போவதே இல்லை, அதனால் ஆசாரி இஷ்டத்துக்கு வளைக்கலாம். உங்கள் தலையில் கம்பியின் இழுவையும் அங்கேதான், அழகும் அங்கேதான். அப்புறம், யாளியின் அழகு பக்கவாட்டில் பார்க்கும்போதுதான், கீழ்நோக்கி வளைகிற பிடரி அது. நீங்கள் அதை முன்பக்கக் கோடாகப் படுக்க வைத்திருக்கிறீர்கள். கண், பல் எல்லாம் விட்டுவிட்டு பிடரிக் கோடு ஒன்றை மட்டும், கடைசிக் கீயைத் தாண்டிய இரண்டு விரல் இடத்தில் வையுங்கள்.

வளைவு வரைய ஒரு பச்சைத் தென்னை ஈர்க்கு போதும். மூன்று ஆணி அடித்து அதற்கிடையே ஈர்க்கை வளைத்துப் பென்சில் ஓட்டினால் கோடு எங்கேயும் முறியாது, கை நடுக்கமும் தெரியாது. வெட்டி அரம் போட்டபின் கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலை ஓரத்தில் ஓட்டிப் பாருங்கள், கண்ணுக்குத் தப்புகிற மேடு விரலுக்குத் தப்பாது.

குடந்தை_ரம்பம்:
மூன்று வாரம் ஆயிற்று. உளி அண்ணே, கோடு இழுத்துப் பார்த்தால் பழைய வரைபடத்தில் ஜி கீ கோட்டை விட்டு 11 மி.மீ. வெளியே இருந்தது, வெட்கமாகப் போய்விட்டது. புதுத் தலை முனையில் நன்றாகக் குறுகிவிட்டது, ஸ்கார்ஃப் ஜாயின்ட்தான், முதல் ஒட்டு வழுக்கி இரண்டாவதில் பிடித்தது (இரண்டு சின்ன ஆணி அடித்து ஆணியின் தலையை வெட்டிவிட்டால் ஒட்டும்போது நகராது என்று அப்புறம்தான் தோன்றியது). 'டிக்' போய்விட்டது. ஈர்க்கு விஷயம் அருமை, ஐயாறு, ஆறு அட்டை வெட்டி வரிசையாகச் சுவரில் மாட்டி, நான்கு நாள் போகவர பார்த்து ஐந்தாவதை எடுத்தேன்.

அம்மா வந்து பார்த்துவிட்டு "ஏண்டா, வாத்து நல்லா வந்திருக்கே" என்றாள். யாளி என்று நான் சொல்லவில்லை.