புதுசு எடுக்காமல் பண்டிகைக்குக் கிளம்பிய அனுபவம் உண்டா? என்ன கட்டினீர்கள், பார்த்தவர்கள் என்ன கேட்டார்கள்?

பாளை அக்கா:

2023 டிசம்பர் 17, 18 மழையை நம் திருநெல்வேலிப் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டோம். நாங்கள் அப்போது ஜங்ஷன் பக்கம் ஆற்றுக்குக் கிட்டத்தில் ஒரு தெருவில் வாடகைக்கு இருந்தோம். தாமிரபரணித் தண்ணீர் வீட்டுக்குள் வந்ததில் பீரோவின் கீழ்த்தட்டு இரண்டும் சேற்றில் முங்கிவிட்டன. கிறிஸ்துமஸுக்கு எடுத்து வைத்திருந்த புதுச் சேலை, பிள்ளைகள் துணி, அவருடைய சட்டை எல்லாம் அந்தக் கீழ்த்தட்டில்தான். பண்டிகைக்கு ஏழே நாள். வீட்டைக் கழுவவே கையில் காசு பற்றாத நேரம், மறுபடி துணி எடுக்கிற பேச்சே இல்லை.

மைனி வீடு பாளையங்கோட்டையில் மேட்டில் இருக்கிறது, அங்கே போய்த் தங்கினோம். வெயில் தலைகாட்டிய அன்றைக்கு மேல்தட்டில் நனையாமல் கிடந்ததையெல்லாம் மூட்டையாகக் கட்டிக்கொண்டு போய் மைனி வீட்டு மொட்டை மாடியில் பத்தமடைப் பாயை விரித்துப் பரப்பினேன். இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், பீரோவுக்குள் தலையை விட்டுப் பார்த்தால் நம்மிடம் ஒன்றுமே இல்லாத மாதிரிதான் தெரியும். பகல் வெளிச்சத்தில் பாயில் பரப்பினால்தான் எந்தச் சேலைக்கு எந்த ஜாக்கெட் ஒத்துப்போகும் என்று கண்ணுக்குப் படுகிறது. டியூப்லைட் வெளிச்சத்தில் அரக்கும் பழுப்பும் ஒன்றாகத் தெரியும்.

கிடைத்தது அம்மாவின் அரக்குப் பட்டு. அம்மா இறந்து நாலு வருஷம் ஆகியிருந்தது, அதை நான் ஒருநாளும் கட்டியதில்லை, மேல்தட்டில் மல்துணியில் சுற்றி வைத்திருந்தேன். அம்மாவின் ஜாக்கெட் எனக்குக் கைக்குள்ளேயே போகாது. பக்கத்தில் என்னுடைய பச்சை ஜாக்கெட் ஒன்று, வேறொரு சேலையோடு வந்தது, அந்தச் சேலை எப்பவோ கிழிந்துவிட்டது. அதுவும் இறுக்கம்தான், ஆனால் உள்தையலில் இரண்டு பக்கமும் ஒரு இஞ்ச் துணி விட்டிருந்தார் அதைத் தைத்தவர், அவருக்குப் புண்ணியம். மைனி தையலைப் பிரித்து வெளியே தள்ளித் தைத்தாள். பழைய ஊசித் துளை வரிசையாகத் தெரிந்தது, ஆனால் அது கைக்கு அடியில் வருகிற இடம் என்பதால் யார் கண்ணிலும் படாது. அரக்கும் பச்சையும் சேர்ந்ததும் கிறிஸ்துமஸுக்கென்றே எடுத்த மாதிரி ஆகிவிட்டது.

மகளுக்கு அப்போது பன்னிரண்டு வயது. ஒரு பட்டுப்பாவாடை இருந்தது, மேலே போட்டுக்கொள்ள ஒன்றும் இல்லை. என் சுடிதார் துப்பட்டா ஒன்றை எடுத்துத் தாவணியாகப் போட்டுப் பார்த்தோம். இரண்டேகால் மீட்டர்தான், பெரிய பெண்ணுக்குப் பற்றாது, அவள் உடம்புக்குச் சரியாக வந்தது. இடுப்பில் செருகுகிற முனையில் மட்டும் ஒரு முழம் காடாத் துணியை ஒட்டுப்போட்டோம், அது உள்ளே போய்விடும்.

விடியக்காலை ஆராதனை முடிந்து வெளியே வருகிறோம், ஒரு பழைய டீச்சரம்மா, எழுபது வயதுக்கு மேல் இருக்கும், என் முந்தானையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்கள். எந்தக் கடையில் எடுத்தாய் என்று கேட்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். "இது உங்க அம்மை சேலைல்லா? கோயில் அசன விருந்துக்கு இதைக் கெட்டிட்டு வந்திருந்தா, நானும் அவளும் பக்கத்துப் பக்கத்துல உக்காந்து சாப்பிட்டோம். சாம்பார் கொட்டிரும் கொட்டிரும்னு மடியில துண்டை விரிச்சே வச்சிருந்தா" என்றார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. என் அம்மா சேலை மடியில் துண்டு விரித்துச் சாப்பிட்டதை நான் பார்த்ததே இல்லை.

உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள்.

டவுன் வடக்கு ரதவீதி:

அக்கா, படித்துவிட்டு ஆச்சி பெட்டியைத் திறந்து பார்த்தேன். எங்களுக்குப் பண்டிகை என்றால் ஆனித் தேர்தான், தீபாவளி எல்லாம் அதற்கு அப்புறம். நெல்லையப்பர் தேர் வாசலைத் தாண்டிப் போகும், வீடு நிறைய சொந்தக்காரர்கள், பிள்ளைகள் எல்லாருக்கும் பட்டுப்பாவாடை வேண்டும்.

ஆச்சி காலத்தில் பாவாடை தைக்கும்போதே கீழ்ப்பக்கம் துணியை மடித்து இரண்டு மூன்று டக் பிடித்துத் தைக்கச் சொல்வார்கள். பிள்ளை வளர வளர ஒவ்வொரு வருஷமும் ஒரு டக்கைப் பிரித்து இறக்கினால் போதும். என் மூத்தவளுக்கு நானும் அப்படித்தான் தைத்தேன், அவள் மூன்று வருஷம் போட்டாள், இப்போது சின்னவளுக்கு வந்திருக்கிறது. சிக்கல் என்னவென்றால் டக்கைப் பிரித்த இடத்தில் உள்ளே இருந்த துணி பளிச்சென்றும் மடிப்பில் இருந்த கோடு வெளுத்தும் தெரியும். இஸ்திரி போட்டால் போகாது. நான் என்ன செய்தேன் என்றால் ஆச்சியின் நைந்துபோன பட்டில் இருந்து ஜரிகைக் கரையை மட்டும் இரண்டு விரல் அகலத்துக்கு வெட்டி அந்தக் கோட்டுக்கு மேலேயே சுற்றிலும் வைத்துத் தைத்துவிட்டேன். பார்த்தால் இரட்டைக் கரை பாவாடை. தேர் அன்றைக்கு எதிர்வீட்டு மாமி திண்ணையில் இருந்துகொண்டே, "ஏட்டி, இந்தக் கரை இப்ப எங்கட்டி கிடைக்கு? நானும் பேத்திக்குத் தேடிக்கிட்டே இருக்கேன்" என்று கேட்டார்கள். ஆச்சியின் கரை என்றதும் சின்னவளை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து, அந்தச் சேலையை ஆச்சி எந்தக் கல்யாணத்துக்குக் கட்டினார்கள் என்று ஒரு மணி நேரம் பேசினார்கள்.

பெரியவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். தேருக்குப் பட்டு கட்டாதீர்கள். அந்த நெரிசலில் வேர்வை ஜாக்கெட்டோடு போகாது, சேலையிலும் இறங்கும், வேர்வை பட்ட ஜரிகை கறுத்துவிடும். நான் சுங்குடி கட்டிக்கொண்டு பழைய பட்டு ஜாக்கெட் போடுவேன், அதுவே தேருக்குப் போதும். அப்புறம் அல்வா சாப்பிட்ட கையைப் பிள்ளைகள் பாவாடையில்தான் துடைக்கும். உடனே தண்ணீர் வைத்துத் தேய்க்காதீர்கள், நெய்க்கறை பரவும். முகத்துக்குப் போடுகிற பவுடரைத் தாராளமாகத் தூவி ராத்திரி முழுக்க விட்டுக் காலையில் தட்டுங்கள், முக்கால்வாசி போய்விடும்.

அம்பை தம்பி:

ஆண்கள் எழுதலாமா? எங்கள் கதை வேட்டிக் கதை.

பங்குனி உத்திரத்துக்குக் குடும்பத்தோடு சாஸ்தா கோயிலுக்குப் போவோம். சென்னையில் இருப்பவர்கள், பெங்களூரில் இருப்பவர்கள் எல்லாரும் வந்துவிடுவார்கள். போன தடவை அண்ணன் தம்பிகள் ஐந்து பேரும் புதுசு எடுக்க வேண்டாம், இருக்கிற வேட்டி சட்டையிலேயே போவோம் என்று முடிவு செய்தோம். எல்லாம் வெள்ளைதானே என்று நினைத்தோம். முந்தின நாள் கொடியில் வரிசையாகப் போட்டுப் பார்த்தால் ஐந்தும் ஐந்து வெள்ளை! ஒன்று பழுத்துப்போய், ஒன்று சாம்பல் ஓடி, ஒன்று புது வெள்ளை. கோயிலில் வரிசையாக நின்று போட்டோ எடுத்தால் அந்த வித்தியாசம்தான் முதலில் தெரியும்.

பெரியம்மை எல்லாவற்றையும் பிடுங்கி ஒரே அண்டாவில் போட்டார்கள். நன்றாகத் துவைத்து அலசிவிட்டு, கடைசித் தண்ணீரில் சொட்டு நீலம். நீலத்தைத் தனியாக ஒரு சொம்புத் தண்ணீரில் கலக்கி அதை அண்டாவில் ஊற்ற வேண்டும், நேராகத் துணிமேல் விட்டால் திட்டுத் திட்டாகப் பிடிக்கும். அப்புறம் சோறு வடித்த கஞ்சியை மெல்லிய துணியில் வடிகட்டித் தண்ணியாக விட்டு முக்கி, முக்கால் ஈரத்தில் எடுத்து இஸ்திரி. ஐந்து வேட்டியும் ஒரே நிறத்துக்கு வந்துவிட்டது, மொடமொடவென்று நின்றது. கோயிலில் பெரியப்பா எங்களைப் பார்த்துவிட்டு, "எல்லாரும் சேர்ந்து ஒரே கடையில எடுத்தியளாக்கும், எனக்கு ஒண்ணு எடுக்கணும்னு தோணலையோ" என்று உண்மையாகவே வருத்தப்பட்டார். விஷயத்தைச் சொன்னதும் தன் வேட்டியையும் அவிழ்த்துப் பெரியம்மையிடம் கொடுத்து அனுப்பினார்!

மேலப்பாளையம் சகோதரி:

அசலாமு அலைக்கும். நான் நிறைய எழுத நேரமில்லை. பெருநாளுக்கு என் நிக்காஹ் சேலையைச் சின்னதாக்கி மகளுக்குச் சுடிதாராகத் தைக்கலாம் என்று ஆசை. ஆனால் ஜரிகை அங்கங்கே கறுத்திருக்கிறது, பாச்சை உருண்டை போட்டுத்தான் வைத்திருந்தேன். வெட்டலாமா? கத்திரியை எடுத்து எடுத்து வைக்கிறேன், மனசு வரவில்லை.

வீரவநல்லூர் தறி வீடு:

சகோதரி, வெட்டுவதற்கு முன்னால் இரண்டு விஷயம் பாருங்கள். சேலையைப் பிரித்து வெயிலுக்கு எதிரே பிடியுங்கள். மடிப்பு விழுந்த இடங்களில் வெளிச்சம் கோடு கோடாக வந்தால் அந்த இடத்துப் பட்டு இற்றுவிட்டது என்று அர்த்தம், அதில் தையல் நிற்காது. அந்தக் கோடுகளைத் தவிர்த்து நடுவில் கிடைக்கிற துணியில் என்ன தைக்க முடியுமோ அதைத் தையுங்கள். பிள்ளைக்கு டாப் மட்டும் தைத்து, கால்சட்டைக்குச் சாதாரணத் துணி போதும். உடம்போடு ஒட்டித் தைக்காதீர்கள், தளர்வாகத் தைத்து உள்ளே பருத்தி லைனிங் கொடுங்கள், இழுப்பை லைனிங் தாங்கிக்கொள்ளும்.

ஜரிகை கறுப்பது, அசல் ஜரிகையாக இருந்தால், அதில் வெள்ளி இருப்பதால்தான். பட்டு இழைமேல் வெள்ளிக் கம்பியைச் சுற்றித்தான் மேலே பொன்முலாம் போடுகிறார்கள். ஈரமும் காற்றும் பட்டால் வெள்ளி கறுக்கும். எலுமிச்சை, புளி என்று எதையாவது தேய்த்துவிடாதீர்கள், முலாமே போய்விடும். பாச்சை உருண்டை ஜரிகைமேல் நேராகப் படக்கூடாது, துணியில் முடிந்து தட்டின் மூலையில் வையுங்கள். சேலையைப் பழைய பருத்தி வேட்டியில் சுற்றி வைத்து, மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை எடுத்து மடிப்பை மாற்றி மடியுங்கள். நெய்கிறவன் எத்தனை நாள் உட்கார்ந்து நெய்திருப்பான் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன். பெட்டிக்குள்ளேயே இற்றுப்போவதைவிட உங்கள் மகள் போட்டுக்கொண்டு நடப்பதுதான் அவனுக்கும் சந்தோஷம்.

பாளை அக்கா:

எல்லாருக்கும் நன்றி. சேற்றில் முங்கின அந்தப் புதுச் சேலை என்ன ஆனது என்று தனியாகச் சில பேர் கேட்டிருந்தீர்கள். சேறு காயும் முன்னாலேயே வெறும் தண்ணீரில் ஏழெட்டுத் தடவை அலசினேன், சோப்பு போடவில்லை. சேறு போனது, ஆனால் கரைச் சாயம் சேலையின் உடம்பில் இறங்கிவிட்டது. கட்ட முடியாது. அதைத்தான் இந்த வருஷம் மகளின் பாவாடைக்கு உள் லைனிங்காகக் கொடுக்கப் போகிறேன். வளர்ந்துவிட்டாள், பழைய துப்பட்டா இனிப் பற்றாது, மைனியிடம் ஒரு தாவணி இருக்கிறதாம்.

எங்கள் தெருத் தையல்காரர் டிசம்பர் பத்தாம் தேதிக்கு மேல் ஒரு துணி வாங்க மாட்டார், பிரித்துத் தைக்கிற வேலை என்றால் அதற்கும் முன்னாலேயே கொடுக்க வேண்டும். நாளைக் காலையில் கொண்டுபோகிறேன்.