இலங்கைத் தோட்டங்களில் வேலை செய்து, சேமலாபக் காசு (சம்பளத்தில் பிடித்துச் சேர்க்கும் ஊழியர் சேமலாப நிதி) எடுக்கப் போன அனுபவம் இருந்தால் எழுதுங்கள்

மஸ்கெலியா மகள்:
அம்மாவுக்கு ஐம்பது முடிந்து வேலையை விட்டதும், சேமலாபம் கேட்கும் கே படிவத்தோடு தொழில் அலுவலகத்துக்குக் கூட்டிப் போனேன். அடையாள அட்டையில் பேச்சியம்மா, தோட்டத்து ஏட்டில் பேச்சாயி. பேர் பதிந்த காலத்தில் லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) கூப்பிட்டதையே எழுதிவிட்டார்கள். கவுன்டரில் இருந்தவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இந்தப் பேச்சாயி எங்கே?" என்று கேட்டார். அம்மா சட்டென்று கையை நீட்டினார். பெருவிரல் முழுக்க வெடிப்பு, வெடிப்புக்குள் தேயிலைக் கறை கறுப்பாக ஏறியிருந்தது. "நான்தான் ஐயா, மலையில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்" என்றார். படிவத்தைத் திருப்பித் தந்துவிட்டார்கள். காசு பிறகு கிடைத்தது, அது வேறு விஷயம். மாதா மாதம் சம்பளத்தில் நூற்றுக்கு 8 பிடிக்கும்போது பேச்சாயி யார் என்று ஒருவரும் கேட்கவில்லையே!

ராகலை:
எங்கள் அப்பாவுக்கு 1992இல் கம்பெனி தோட்டத்தை எடுப்பதற்கு முன்னால் ஒரு அங்கத்துவ இலக்கம், அப்புறம் வேறு இலக்கம். பிந்தியதை மட்டும் எடுத்தார். அவர் போன பிறகு டிரங்குப் பெட்டியை ஒதுக்கும்போது, பிரஜாவுரிமைப் பத்திரத்துக்கு அடியில் பழைய அட்டை கிடந்தது. அம்மா அதைக் கையில் வைத்துக்கொண்டு, "கடைசி வருஷம் மருந்துக்குக் கடன் வாங்கினாரே" என்று மட்டும் சொன்னார். இப்போது, இறந்தவரின் காசை வீட்டார் கேட்கும் எல் படிவம் போட்டிருக்கிறோம்.

பண்டாரவளை:
மஸ்கெலியாத் தங்கச்சி, அந்த அதிகாரியைக் குறை சொல்ல முடியாது. பேர் மாறியிருக்கும்போது கொடுத்து, நாளைக்கு இன்னொரு பேச்சாயி வந்து நின்றால் யார் பதில் சொல்வது? என் மச்சானுக்கும் இதே பிரச்சினைதான். பிறந்த வருஷம் இடித்தது, சரி செய்து எடுத்தோம்.

யாருக்காவது உதவும் என்று சொல்கிறேன். வேலையை விடும்வரை காத்திருக்க வேண்டாம், இப்போதே தோட்ட ஒபிஸில் பேரைக் கேட்டுப் பாருங்கள். மாறியிருந்தால் கிராம சேவகர் கடிதம், தோட்டத்துக் கடிதம், சமாதான நீதவான் முன் ஒரு சத்தியக் கடதாசி. எங்களுக்கு இவ்வளவும் போதுமாக இருந்தது. அப்புறம், சேமலாபம் வந்ததும் எல்லாம் வந்துவிட்டது என்று நம் ஆட்கள் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். தொழிலாளி 8, தோட்டம் 12, அது சேமலாப நிதி. தோட்டம் தனியாக 3 கட்டியது ஊழியர் நம்பிக்கை நிதி, அதற்கு வேறு விண்ணப்பம். கேட்காவிட்டால் அது அங்கேயே கிடக்கும். சர்வீஸ் காசு (பணிக்கொடை) இந்த இரண்டிலும் சேராது. ஐந்து வருஷமோ அதற்கு மேலோ நாள் சம்பளத்துக்கு வேலை செய்திருந்தால் வருஷத்துக்கு 14 நாள் சம்பளம், தோட்டம்தான் தர வேண்டும், 1983ஆம் ஆண்டுச் சட்டம். புரோக்கரிடம் பங்கு பேசாதீர்கள், தயவுசெய்து.

டயகம:
பண்டாரவளை அண்ணன், நீங்கள் சொன்ன கடதாசிகள் சரி. ஆனால் ஏட்டில் தப்பாக எழுதியது தொழிலாளியா? எழுதியவர்களின் பிழையைத் திருத்த அவர் ஏன் பஸ்ஸுக்குக் காசு கொடுத்து, அன்றைய நாள் சம்பளத்தையும் இழந்து அலைய வேண்டும்? அந்தத் தங்கச்சி கேட்டது நியாயமான கேள்வி.

எங்களுடையது வங்கிக் கணக்கு. பெரியம்மா 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் தலைமன்னார் வழியாக இந்தியா போனவர். ஹட்டனில் போட்ட சேமிப்பை எடுக்கவே இல்லை. பத்து வருஷம் தொடாமல் கிடக்கும் கணக்கு மத்திய வங்கிக்குப் போய்விடும், ஆனாலும் உரியவர் கேட்கலாம். கோத்தகிரியில் இருந்து அவர் மகன் போனில் புத்தகத்தின் இலக்கத்தை வாசித்தான். கடைசிக்கு வந்ததும் நின்றுவிட்டான். 3 மாதிரியும் இருக்கிறதாம், 8 மாதிரியும் இருக்கிறதாம். பின்னால் பெரியம்மாவின் குரல் கேட்டது: "எட்டு, எட்டுடா!" அந்தப் புத்தகத்தை இத்தனை வருஷமும் மனதிலேயே வைத்திருந்திருக்கிறார்.

இந்தியாவில் இருந்தபடி இப்படிக் கேட்டு வாங்கியவர்கள் யாராவது இருந்தால், வங்கியில் என்னென்ன கடதாசி கேட்டார்கள் என்று எழுதுங்கள். பெரியம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது.