பிராக்: ஒற்றை ஆளாக ஒரு நாள் நடை, வழி சரியா?

ஞாயிறு ஒரு நாள்தான் கையில். திட்டம் இது: காலை 7 மணிக்குள் சார்லஸ் பாலம். 516 மீட்டர்தான், ஆனால் 10 மணிக்கு மேல் தோளோடு தோள் உரசித்தான் நகர முடியும், பிக்பாக்கெட்டும் அப்போதுதான். அங்கிருந்து மலோஸ்ட்ரான்ஸ்கே நாமியஸ்டி சதுக்கத்தில் 22ஆம் எண் டிராம் பிடித்து மலை மேலுள்ள பொஹோர்ஜெலெட்ஸ் நிறுத்தம். உச்சியில் இறங்கினால் ஸ்ட்ராஹோவ் மடம், லொரேட்டா தேவாலயம், பிராக் கோட்டை எல்லாமே பெரும்பாலும் இறக்கம். கீழேயிருந்து நடந்து ஏறினால் கல் பாவிய தெருவில் முழங்கால் கழன்றுவிடும். டிக்கெட்டை மஞ்சள் பெட்டியில் செருகி முத்திரை குத்த மறக்கக் கூடாது. குத்தாத காகித டிக்கெட் இருந்தும் இல்லாத மாதிரிதான், அபராதம் உண்டு.

சிக்கல்: கோட்டைக்குள் இருக்கும் செயின்ட் விட்டஸ் பேராலயத்தில் ஞாயிறு காலை பூசை, நண்பகல் வரை சுற்றிப் பார்க்க விடமாட்டார்கள். அதுவரை மடத்து நூலகத்தில் நேரத்தை ஓட்டலாமா, இல்லை பெட்ர்ஷின் குன்றின் மேலுள்ள பார்வைக் கோபுரத்தின் 299 படி ஏறலாமா?

இன்னொன்று: மழை பெய்தால் கோட்டையின் பழைய படிக்கட்டு வழியாக இறங்கலாமா, வழுக்குமா? அதற்குப் பதில் நெருடோவா தெரு வழியாக இறங்கினால் பரவாயில்லையா? எந்த மாதிரி அடிப்பாகம் உள்ள ஷூ பிடிமானம் தரும் என்றும் சொல்லுங்கள்.