காவிரிக் கரைக் கூடாரங்கள்: கைகொடுத்தார்களா, கிளப்பிவிட்டார்களா?

அரசலாறு:
கும்பகோணத்தில் பாலத்துக்குக் கீழே காவிரிக் கரையில் பழைய ஃப்ளெக்ஸ் பேனரைக் கட்டிக்கொண்டு இருந்த குடும்பங்களைப் போன வாரம் ஊருக்கு வெளியே ஒரு கல்யாண மண்டபத்துக்கு மாற்றிவிட்டார்கள். மாற்றியது போலீசும் இல்லை, பொக்லைனும் இல்லை, நம்ம ஊர்த் தன்னார்வலர்கள்தான். சாமான் ஏற்றினார்கள், சாப்பாடு போட்டார்கள், போட்டோவும் போட்டார்கள். நோட்டீஸ் வந்ததா, மண்டபத்தில் எத்தனை நாள் இருக்கலாம் என்று யாராவது எழுதிக் கொடுத்தார்களா என்று கேட்காமல் மூட்டையைத் தூக்கியதற்கு எதற்கு இத்தனை பாராட்டு? ஆபீஸ்காரர்கள் செய்ய வேண்டிய வேலையை இலவசமாக முடித்துக் கொடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

குட்டியானை:
வண்டி ஓட்டியவன் நான்தான் சார். நீங்கள் கேட்கிற கேள்வி எல்லாம் சரி. ஆனால் மேட்டூர் திறந்தாகிவிட்டது. 2024-ல் ஜூலை 28 தண்ணீர் திறந்தார்கள், 30-ஆம் தேதியே அணை முழு மட்டமான 120 அடியைத் தொட்டது. பாலத்துக்குக் கீழே கைக்குழந்தைகள் இருந்தன. நோட்டீஸைப் பார்த்துவிட்டுத்தான் தூக்குவேன் என்று நான் கரையில் உட்கார்ந்திருக்க வேண்டுமா?

பாத்திரக்கடை:
நல்ல காரியம் செய்தாய் தம்பி. படித்துறைப் பக்கம் போக முடியவில்லை, அவ்வளவு நாற்றம். 2028-ல் மகாமகம் வருகிறது, அதற்குள் கரை சுத்தமாக வேண்டாமா?

மாலா டீச்சர்:
நாற்றம் அவர்களால் மட்டுமா வருகிறது அண்ணா? கடைத்தெருச் சாக்கடை எங்கே போய் விழுகிறது என்று ஒருநாள் நடந்து போய்ப் பாருங்கள்.

பழைய ஆர்.ஐ.:
வருவாய்த்துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். இரண்டு விஷயம்.

முதலில் தண்ணீர். மேட்டூர் நிரம்பினால் உபரி கும்பகோணம் காவிரியில் வராது. முக்கொம்பிலும் கல்லணையிலும் கொள்ளிடத்துக்குத் திருப்பிவிடுவார்கள், கொள்ளிடம் இருப்பதே அதற்குத்தான். 2018 ஆகஸ்டில் முக்கொம்பில் மதகுகள் அடித்துக்கொண்டு போனதும் கொள்ளிடப் பக்கம்தான். தண்ணீர் புகுந்து ஜனங்கள் முகாமுக்குப் போவது நாதல்படுகை, முதலைமேடு திட்டு மாதிரி கொள்ளிடக் கரை ஊர்களில். நம்ம காவிரியில் பாசனத்துக்கு அளந்துதான் விடுவார்கள். இங்கே பயப்பட வேண்டியது ஐப்பசி, கார்த்திகை மழைக்கு. ஆகவே ஆடியில் அப்படி ஒன்றும் தலைபோகிற அவசரம் இல்லை.

அப்புறம் சட்டம். அது ஆற்றுப் புறம்போக்கு, ஆட்சேபகரமான வகை, பட்டா கிடைக்காது. ஆனாலும் 1905-ஆம் வருஷத்து ஆக்கிரமிப்புச் சட்டப்படி முதலில் 7-ஆம் பிரிவில் விளக்கம் கேட்டு நோட்டீஸ், பிறகு 6-ஆம் பிரிவில் வெளியேற்ற நோட்டீஸ். 'தாங்களாகவே காலி செய்தனர்' என்று ஃபைலில் ஒரு வரி ஏறிவிட்டால் இரண்டுமே தேவையில்லை. தன்னார்வலர் வந்தால் ஆபீசில் காபி வாங்கிக் கொடுப்பது இதனால்தான் தம்பி.

அரசலாறு:
சார் சொன்னதுதான் என் வயிற்றெரிச்சல். 1985-லேயே மும்பை நடைபாதைவாசிகள் வழக்கில் உச்ச நீதிமன்றம், பிழைப்பும் உயிர்வாழும் உரிமையில் அடக்கம் என்றது. நடைபாதை அவர்களுக்குச் சொந்தம் என்று சொல்லவில்லை. சொல்லாமல் கொள்ளாமல் எழுப்பாதே என்றது. நீங்கள் சிரித்துப் பேசி எழுப்பிவிட்டதால் அந்தப் பாதுகாப்பும் போயிற்று.

குட்டியானை:
சிரித்துப் பேசியது குற்றமா? வர மாட்டேன் என்றவர்களை நாங்கள் தொடவில்லை. படித்துறையில் தனக்குத்தானே பேசிக்கொண்டிருப்பாரே ஒரு பெரியவர், அவர் இன்னும் அங்கேதான் இருக்கிறார்.

பாத்திரக்கடை:
அவரையல்லவா முதலில் ஏற்றியிருக்க வேண்டும்?

பழைய ஆர்.ஐ.:
கூடாது. 2017 மனநலச் சட்டம் 100-ஆம் பிரிவு அதைப் போலீஸ் பொறுப்பில் வைத்திருக்கிறது. அவர்கள் பாதுகாப்பில் எடுத்து 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனையில் காட்ட வேண்டும். குட்டி யானையில் ஏற்ற யாருக்கும் அதிகாரம் இல்லை. தம்பி அதில் சரியாக நடந்திருக்கிறார்.

மாலா டீச்சர்:
எனக்கு வேறு கவலை. அந்தப் பிள்ளைகளில் சிலர் எங்கள் பள்ளிக்கு வந்துகொண்டிருந்தார்கள், இப்போது வருவதில்லை. மாற்றுச் சான்றிதழ் தாமதமானாலும் பக்கத்துப் பள்ளியில் சேர்த்தே ஆக வேண்டும் என்று 2009 கல்விச் சட்டம் சொல்கிறது. ஆனால் கையைப் பிடித்துக் கூட்டிப்போக ஒரு ஆள் வேண்டுமே. தாய்மார்கள் விடியற்காலையில் பழைய பேப்பர், பிளாஸ்டிக் பொறுக்கக் கிளம்பிவிடுவார்கள். டவுன் பஸ்ஸில் 2021-லிருந்து பெண்களுக்கு டிக்கெட் இல்லை, சரி. பொறுக்கிய மூட்டையோடு வந்தால் கண்டக்டர் ஏற்றுவாரா? கடைத்தெருவுக்கு நடந்து போய்ப் பிழைத்தவர்களைக் கடைத்தெருவே கண்ணில் படாத இடத்தில் கொண்டு போய் வைத்திருக்கிறோம்.

இன்னொன்று. ஆடி மாதம் என்பதால்தான் மண்டபம் சும்மா கிடக்கிறது. ஆவணியில் முகூர்த்தம் ஆரம்பித்தால்?

குட்டியானை:
மண்டபக்காரர் ஆடிக் கடைசி வரைக்கும் என்றுதான் சொல்லியிருக்கிறார் டீச்சர். அதை மறைக்கவில்லை, அவர்களிடமும் சொன்னோம். வீடற்றோர் விடுதியில் சேர்க்கலாம் என்றால் ஆண்கள் தனி, பெண்கள் தனி என்கிறார்கள். புருஷன், பெண்டாட்டி, பிள்ளை என்று இருக்கிற குடும்பம் அங்கே எப்படிப் போகும்?

அரசலாறு:
அப்படியானால் கேட்க வேண்டியது குடும்பங்களுக்கான விடுதி. தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் வழிகாட்டுதலில் நகரத்தில் ஒரு லட்சம் பேருக்குக் குறைந்தது நூறு பேர் தங்க நிரந்தர விடுதி வசதி, ஒரு விடுதியில் 50 முதல் 100 பேர், ஆளுக்கு 50 சதுர அடி என்று இருந்தது. நம்ம ஊர் 2011 கணக்கெடுப்பிலேயே 1.40 லட்சம். மண்டபத்தைத் தேடி அலைந்த நேரத்தில் இதைக் கேட்டு ஒரு மனு கொடுத்திருக்கலாம்.

குட்டியானை:
சாமான் தூக்க எட்டுப் பேர் வந்தார்கள். மனு எழுதத் தெரிந்தவர் ஒருவரும் வரவில்லை சார். நீங்களும்தான்.

பாத்திரக்கடை:
எதற்கு மறுபடி டவுனுக்குள்? வெளியே இரண்டு ஏக்கர் பார்த்துக் கொடுத்தால் ஆயிற்று.

மாலா டீச்சர்:
உங்கள் கடையையும் அங்கேயே மாற்றிக்கொள்வீர்களா அண்ணா?

பழைய ஆர்.ஐ.:
திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் குறைதீர் கூட்டம். மனுவைக் குடும்பத் தலைவர்கள் பெயரில் கொடுங்கள், தன்னார்வலர் பெயரில் வேண்டாம். ஒப்புகைச் சீட்டு அவர்கள் கையில் இருக்கட்டும். பாலத்துக்குக் கீழே எத்தனை வருஷம் இருந்தார்கள், ரேஷன் கார்டு இருக்கிறதா, பிள்ளைகள் எந்த வகுப்பு, எல்லாம் எழுதுங்கள். 'தாங்களாகவே காலி செய்தனர்' என்ற வரிக்கு இது ஒன்றுதான் மறுப்பு.

அரசலாறு:
மனு நான் எழுதித் தருகிறேன். கையெழுத்து வாங்க மண்டபத்துக்கும் வருகிறேன். ஆனால் முதலில் அந்தப் போட்டோக்களை எடுங்கள். ஃப்ளெக்ஸை மடித்துக்கொண்டு குனிந்து நிற்கிற பெண்ணின் முகம் தெரிகிறது.

குட்டியானை:
முகத்தை மறைத்துப் போடுகிறேன். முழுசாக எடுக்க மாட்டேன். டீசல் காசு அந்தப் போட்டோவைப் பார்த்துத்தான் வந்தது, நாளைக்கு அரிசிக்கும் அதுதான். ஞாயிற்றுக்கிழமை காலை வாருங்கள், பேப்பரும் ஸ்டாம்ப் பேடும் கொண்டுவாருங்கள். பாதிப் பேர் கைநாட்டு.