மீன்கொத்தியின் கண் தெளிவு, அலகு மங்கல். உதவி தேவை

தோட்டத்துப் பையன் (பெஸ்தாரி ஜெயா)
அவசரம். செம்பனைக் காட்டுக் கால்வாய் ஓரக் கம்பியில் தினமும் ஒரு மீன்கொத்தி உட்காருகிறது, வெள்ளை மார்பு, சிவப்பு அலகு. நாற்பது படம் எடுத்தேன், ஒன்றும் உருப்படியில்லை. கண் தெளிவாக விழுந்தால் அலகு நுனி மங்கல். லென்ஸ் கெட்டுவிட்டதா? ஞாயிறு வரைதான் ஊரில் இருப்பேன்.

கித்தாக்காடு
என்ன கேமரா, என்ன லென்ஸ், எவ்வளவு தூரம்? எதுவுமே சொல்லவில்லையே தம்பி.

ஈயக்குட்டை
கை நடுக்கம்தான், சந்தேகமே வேண்டாம். ஷட்டர் வேகத்தை 1/800 நொடிக்குக் கீழே இறக்காதே.

மழைக்காலம்
ஏர்கான் அறையிலிருந்து நேரே வெளியே எடுத்தாயா? கண்ணாடியில் ஆவி படிந்திருக்கும். அரைமணி நேரம் பையிலேயே வை.

தோட்டத்துப் பையன்
மன்னிக்கவும். ஏபிஎஸ்-சி (சிறிய சென்சார்) கேமரா, 400 மிமீ லென்ஸ், துளை எஃப் 5.6, ஷட்டர் 1/1000 நொடி. மோட்டாரில் உட்கார்ந்தபடியே 3 மீட்டரில் எடுத்தேன்.

பழைய பிலிம்
எத்தனை தடவை எழுதிவிட்டேன், யாரும் படிப்பதில்லை. கேமரா வாங்குமுன் கணக்குப் படிக்க வேண்டும் தம்பி. நீ சொன்ன அளவுக்குத் தெளிவு ஆழம், அதாவது முன்பின்னாகத் தெளிவாக விழும் தூரம், ஏறக்குறைய 1 சென்டிமீட்டர். அந்தப் பறவையின் அலகு அதைவிடப் பல மடங்கு நீளம். உன்னை நேராகப் பார்த்து உட்கார்ந்தால் கண், நுனி இரண்டும் சேர்ந்து விழாது. லென்ஸ் மேல் குற்றமில்லை. துளையைச் சுருக்கி எஃப் 11 வைத்தாலும் 2 சென்டிமீட்டர்தான். 6 மீட்டருக்குப் பின்வாங்கு, எஃப் 5.6இலேயே 4க்கு மேல் கிடைக்கும். அப்புறம் அது பக்கவாட்டில் திரும்பும்வரை பொறு.

கித்தாக்காடு
பின்வாங்கி எடுத்ததை வெட்டிப் பெரிதாக்கினால் அந்த ஆழம் பாதியாகும். அதையும் சொல்லுங்கள் அண்ணே.

பழைய பிலிம்
பாதியானாலும் 2 சென்டிமீட்டர். இப்போது இருப்பதைப்போல் இரண்டு மடங்கு.

மழைக்காலம்
அந்தக் கால்வாயில் மீன் ஏது?

ஈயக்குட்டை
பேர்தான் மீன்கொத்தி. வெட்டுக்கிளி, பல்லி, தவளை எல்லாம் பிடிக்கும்.

வாசிப்பறை
சங்கப் பாடல்களில் இதன் இனத்துக்குச் சிரல் என்று பெயர். பிள்ளைகளுக்கு அந்தப் பெயரையே சொல்லிக்கொடுக்கலாம்.

ஈயக்குட்டை
சிரல் என்றால் எங்கள் லயத்தில் யாருக்கு விளங்கும்? பாட்டி காலத்திலிருந்தே மீன்கொத்திதான்.

வாசிப்பறை
சொல்லச் சொல்லத்தான் விளங்கும்.

கித்தாக்காடு
பெயர்ச் சண்டை இருக்கட்டும். இது மண்கரையில் பொந்து குடைந்துதான் முட்டையிடும். தினமும் ஒரே கம்பி என்றால் கூடு பக்கத்திலேயே இருக்கலாம். அதற்காகவாவது தள்ளி நில் தம்பி.

தோட்டத்துப் பையன்
இன்று காலை 6 மீட்டர், எஃப் 8. பக்கவாட்டில் திரும்பிய ஒரு படத்தில் அலகு நுனியில் ஒட்டிய ஈரமண் வரை தெரிகிறது. கரையில் பொந்து இருக்கிறது, கிட்டே போகவில்லை. நன்றி அண்ணே.