“பத்துப் பேருக்காவது அனுப்புங்கள்”: ஊர்க் குழுமத்தில் இதை இனியும் அனுமதிக்கலாமா?

வாவிக்கரை ஆசிரியை (கல்லடி):

உறவுகளுக்கு வணக்கம். சென்ற வாரம் இரவு பதினொன்றரை மணிக்கு நமது ஊர் வட்ஸ்அப் குழுமத்தில் வந்த செய்தியை நீங்கள் கண்டிருப்பீர்கள். “அவசரம். இன்று அதிகாலை கடல் ஊருக்குள் வரும். நாசா அறிவித்துவிட்டது. கிணற்று நீர் உப்பாக மாறியுள்ளது. உங்களுக்கு வேண்டிய பத்துப் பேருக்காவது உடனே அனுப்புங்கள்” என்று அதில் இருந்தது. இன்று என்றால் எந்த நாள் என்று இல்லை. எந்த ஊர்க் கிணறு என்று இல்லை. எழுதியவர் யார் என்றும் இல்லை. எங்கள் பின்வளவில் இருக்கும் பெண், பிறந்து இருபது நாள் ஆன பிள்ளையைத் துவாயில் சுற்றிக்கொண்டு, கொட்டும் மழையில் முச்சக்கர வண்டி பிடித்து, வவுணதீவில் இருக்கும் தமக்கை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார். கடல் வரவில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து மூன்று நாள் வைத்தியசாலையில் இருந்தது.

நான் கேட்பது இதுதான். பெயரும் நாளும் மூலமும் இல்லாமல் “பகிருங்கள்” என்று மட்டும் சொல்லும் செய்திகளை நிருவாகிகள் கண்டவுடன் நீக்க வேண்டும். சொல்லியும் கேளாமல் திரும்பத் திரும்ப அனுப்புபவரை ஒரு மாதத்துக்குக் குழுமத்திலிருந்து நிறுத்தி வைக்க வேண்டும். இதற்கு உடன்படாதவர்கள் காரணத்தைச் சொல்லுங்கள், பேசுவோம்.

நாவலடியான்:

ரீச்சர், நான் உடன்படவில்லை. அந்தச் செய்தியை அன்று இரவு குழுமத்தில் போட்டவனே நான்தான்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. சுமாத்திராவுக்கு அப்பால் நிலம் நடுங்கியதற்கும் எங்கள் மட்டக்களப்புக் கரையில் கடல் ஏறியதற்கும் இடையில் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் இருந்தது. அந்த இரண்டு மணி நேரத்துக்குள் எங்களிடம் ஓடச் சொல்ல ஒருவரும் இருக்கவில்லை. என் தாயையும் இரண்டு தங்கைமாரையும் நான் இழந்தது கடலால் மட்டுமல்ல, ஒருவரும் சொல்லாததாலும்தான் என்று இன்றுவரை நினைக்கிறேன். நூறு தடவை பொய்யாக ஓடிக் களைத்தாலும், நூற்றோராவது தடவை உயிர் தப்பினால் எனக்கு அது போதும். மூலம் தேடிக்கொண்டிருக்கும் நேரத்தில் கடல் வந்துவிடும். காய்ச்சல் வந்த பிள்ளைக்காக உண்மையிலேயே வருந்துகிறேன். ஆனால் காய்ச்சல் மாறும். பகிர்வதற்குத் தடை போடாதீர்கள்.

வாவிக்கரை ஆசிரியை (கல்லடி):

தம்பி, உங்கள் இழப்பை நான் அறிவேன். அன்று கல்லடியில் நானும் இருந்தேன். எச்சரிக்கை வேண்டாம் என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன்.

ஆனால் 2012 ஏப்ரல் 11ஐ நினைத்துப் பாருங்கள். சித்திரைப் புத்தாண்டுக்கு இரண்டு நாள் இருந்தது. பலகாரச் சட்டி அடுப்பில் இருக்கும்போதே நாம் ஓடினோம். அன்று சுமாத்திராவுக்கு மேற்கே 8.6 அளவில் ஒரு நடுக்கமும், இரண்டு மணி நேரத்தில் 8.2 அளவில் இன்னொன்றும் ஏற்பட்டன. நிலத்தட்டு மேலெழாமல் பக்கவாட்டில் நழுவியதால் பெரிய அலை எழவில்லை. நாம் ஓடியது வீண்தான், ஆயினும் அந்த ஓட்டத்துக்காக யாரையும் நான் குறை சொல்ல மாட்டேன். ஏனெனில் அந்த எச்சரிக்கையை விடுத்தவர் யார் என்பது நமக்குத் தெரிந்திருந்தது. ஆபத்து நீங்கியதும், சில மணி நேரத்தில், அவர்களே அதை விலக்கினார்கள். நாமும் வீட்டுக்குத் திரும்பினோம். சென்ற வாரச் செய்தியை இன்றுவரை விலக்கியவர் யார்? அது இப்போதும் எங்கேயோ ஒரு கைத்தொலைபேசியில் “இன்று அதிகாலை” என்று சொல்லிக்கொண்டுதான் இருக்கும்.

ஓய்வுநிலைத் தபாலதிபர்:

ரீச்சர் கடைசியாகச் சொன்னதைப் பிடித்துக்கொண்டு என் தொழிலில் கண்டதைச் சொல்கிறேன். நான் தபால் சேவையில் சேர்ந்த எழுபதுகளில் இது தபாலட்டையாக வந்தது. அட்டையின் மேல் மூலையில் மஞ்சள் தடவி, நடுவில் ஏதோ ஒரு கோயிலின் அற்புதத்தை எழுதி, “இதைப் போல் இருபத்தொரு அட்டை எழுதி அனுப்பினால் ஒன்பது நாளில் நற்செய்தி, கிழித்தெறிந்தவர் வீட்டில் மரணம்” என்று முடித்திருப்பார்கள். அனுப்புபவர் பெயர் இருந்த அட்டை ஒன்றையும் நான் கண்டதில்லை. ஒரு விதவைத் தாய் சேலைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்த காசை அவிழ்த்து, எழுதப்படிக்கத் தெரியாத காரணத்தால், இருபத்தொரு அட்டையையும் என்னையே எழுதித் தரும்படி கேட்டார். நான் மறுத்தேன். மகனுக்கு ஏதும் நேர்ந்தால் அந்தப் பாவம் உங்களைச் சேரும் என்று சொல்லி அழுதுகொண்டே போனார். அந்த முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

இது நம் ஊருக்கு மட்டும் உரிய நோயன்று. 1935 இல் அமெரிக்காவின் டென்வர் நகரில் பத்துச் சதம் அனுப்பும் சங்கிலிக் கடிதம் கிளம்பி, தபாலகமே கடிதங்களால் நிரம்பித் திணறியது. பட்டியலில் முதலில் உள்ளவருக்குப் பத்துச் சதம் அனுப்பிவிட்டு, அவர் பெயரை வெட்டி, உங்கள் பெயரை அடியில் சேர்த்து ஐந்து பேருக்கு அனுப்பினால், உங்கள் பெயர் மேலே வரும்போது 1,562 டொலரும் 50 சதமும் கிடைக்கும் என்பது கணக்கு. கணக்கு காகிதத்தில் சரி, ஆட்கள்தான் போதாது. ஏழு பேருக்கு அனுப்பச் சொல்லும் ஒரு செய்தியை எல்லாரும் தவறாமல் அனுப்பினால், எட்டாவது படியில் 57 இலட்சம் பேர் வேண்டும். ஒன்பதாவது படியில் நான்கு கோடிக்கு மேல், அதாவது இலங்கையின் சனத்தொகையைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு.  

மருதமுனை நெசவாளன்:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். தபாலதிபர் ஐயா சொன்ன அட்டைக்கு எங்கள் பக்கத்திலும் ஒரு சோடி உண்டு. மதீனாவில் நபிகளாரின் பள்ளிவாசலில் பணி செய்யும் ஷெய்கு அஹ்மது என்பவர் கனவு கண்டதாகவும், அதைப் பிரதி எடுத்துப் பரப்பாதவருக்குக் கேடு வரும் என்றும் ஒரு துண்டுப்பிரசுரம் உங்களில் பலர் கைக்கும் வந்திருக்கும். என் வாப்பா காலத்தில் அது றோணியோ அச்சில் வந்தது. பிறகு போட்டோப்பிரதி, பிறகு மின்னஞ்சல், இப்போது வட்ஸ்அப். இதே கனவைப் பற்றி ஒல்லாந்து அறிஞர் ஸ்னூக் ஹுர்குரோன்யே 1884 இலேயே எழுதியிருக்கிறார். சவூதி மார்க்க அறிஞர் இப்னு பாஸ் அது பொய்யென்று விளக்கமாக எழுதி மறுத்தார். மறுப்பைப் பிரதி எடுத்தவர் சிலர். கனவைப் பிரதி எடுத்தவரோ எண்ணிலடங்காதவர்.

நாவலடித் தம்பி, பகிர்வதால் காய்ச்சலோடு முடிந்துவிடும் என்று எண்ணாதீர்கள். 2018 பெப்ரவரி 26 இரவு அம்பாறை நகரில் என்ன நடந்தது? முஸ்லிம் ஒருவரின் உணவகத்தில், உணவில் கருத்தடை மாத்திரை கலந்திருப்பதாக ஒரு வாய்த்தகராறு. சாப்பாட்டில் கிடந்த ஒரு கட்டியைக் காட்டிய காணொளி பேஸ்புக்கில் பரவியது. அந்த இரவிலேயே உணவகமும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அரசாங்க இரசாயனப் பகுப்பாய்வில் அது வெறும் மாச்சத்துக் கட்டி என்று தெரிந்தது. ஒருவரை நிரந்தரமாக மலடாக்கும் மாத்திரை என்று ஒன்று உலகில் இல்லை என்பதை மருத்துவர்களும் சொன்னார்கள். அடுத்த வாரம் கண்டி மாவட்டத்தில் திகனை எரிந்தது. மார்ச் 6ஆம் திகதி அவசரகால நிலை வந்தது. அந்த வன்முறையில் தனது தளத்துக்கு இருந்த பங்குக்காகப் பேஸ்புக் நிறுவனம் 2020 இல் மன்னிப்புக் கேட்டது. மாவுக்கட்டி என்ற அறிக்கை வந்த பிறகும் என் கைத்தொலைபேசிக்கு அந்தக் காணொளி வந்துகொண்டிருந்தது. அனுப்பியவர்களில் என் சொந்தக்காரரும் இருந்தார், “கவனமாக இருங்கள்” என்ற அக்கறையோடு.

நாவலடியான்:

காக்கா, அம்பாறையில் நடந்தது பகையால் பரப்பப்பட்டது. நான் அனுப்பியது பாசத்தால். இரண்டையும் ஒரே தராசில் வைப்பது எனக்கு வலிக்கிறது. கெட்ட எண்ணத்தோடு பரப்புபவரைத் தண்டியுங்கள், நான் முன்னின்று ஆதரிக்கிறேன். ஆனால் அக்கறையில் தவறியவரையும் அதே பட்டியலில் சேர்த்தால், நாளைக்கு உண்மையான ஆபத்திலும் வாய் திறக்க எல்லாரும் பயப்படுவார்கள். அந்த மௌனத்தை நான் ஏற்கெனவே ஒரு தடவை பார்த்துவிட்டேன்.

காரைதீவுக் கணினி:

அண்ணன், இணையத்தில் இந்தப் பொய்கள் பரவிய வரலாற்றைப் பார்த்தால், அவை பெரும்பாலும் பாசத்தால்தான் ஓடியிருக்கின்றன. 1994 இறுதியில் “குட் டைம்ஸ்” என்ற தலைப்பில் வரும் மின்னஞ்சலைத் திறந்தால் கணினி அழிந்துவிடும் என்று ஓர் எச்சரிக்கை சுற்றியது. அப்படி ஒரு வைரஸ் இருக்கவே இல்லை. அந்த எச்சரிக்கைதான் வைரஸ்போலப் பரவியது. நண்பனைக் காப்பாற்றுகிறேன் என்று எண்ணிய ஒவ்வொருவரும் அதற்குக் காலாக இருந்தார்கள். 2002 இல் வந்தது இன்னும் கொடுமை. கரடிக்குட்டிப் படம் போட்ட ஒரு கோப்பு உங்கள் கணினியில் இருந்தால் அது வைரஸ், பதினான்கு நாளில் விழித்துக்கொள்ளும், உடனே அழித்துவிட்டு உங்கள் முகவரிப் பட்டியலில் உள்ள அனைவருக்கும் சொல்லுங்கள் என்றது அந்த மின்னஞ்சல். தேடிப் பார்த்தால் கரடி உண்மையாகவே இருக்கும். ஏனெனில் அது விண்டோஸோடு சேர்ந்தே வந்த கோப்பு. கண்ணால் கண்டதும் செய்தி மெய் என்று நம்பி, மக்கள் தங்கள் கையாலேயே அதை அழித்தார்கள்.

சென்ற வாரச் செய்தியிலும் அதே வித்தை இருக்கிறது. “கிணற்று நீர் உப்பாக மாறியுள்ளது” என்ற வரியைப் பாருங்கள். கடற்கரையில் நம் கிணறுகள் பலவற்றில் உப்புக் கரிக்கிறது என்பது எல்லாருக்கும் தெரியும். வாயில் வைத்துப் பார்த்தவர் நம்பிவிடுவார்.

ஒன்றை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள். வட்ஸ்அப்பில் ஒரு செய்தியின் மேல் இரட்டை அம்புக்குறி இருந்தால், அது ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட கைகள் மாறி வந்தது என்று பொருள். 2020 ஏப்ரலில் இருந்து அத்தகைய செய்தியை ஒரு நேரத்தில் ஒரே ஓர் உரையாடலுக்குத்தான் அனுப்ப முடியும். அதனால் அவ்வாறான பகிர்வுகள் நூற்றுக்கு எழுபது வீதம் குறைந்ததாக அந்த நிறுவனமே சொன்னது. அன்று இரவு நீங்கள் அனுப்பிய செய்தியிலும் இரட்டை அம்பு இருந்தது, அண்ணன்.

திருக்கோவில் மாமா:

நான் வழக்கமாக இங்கே எழுதுபவன் அல்ல. ஆனால் பாசத்தால் அனுப்பியது என்ற சொல்லைக் கண்ட பிறகு பேசாமல் இருக்க முடியவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் என் தங்கையின் மகளுக்கு ஓ நெகட்டிவ் குருதி தேவைப்பட்டது. “ஆறு வயதுப் பிள்ளை, உடனே வேண்டும்” என்று எழுதி, தங்கையின் தொலைபேசி எண்ணையும் போட்டு நான்தான் அனுப்பினேன். திகதி போடத் தோன்றவில்லை. அன்று மாலைக்குள் மூன்று பேர் வந்து குருதி கொடுத்தார்கள். முன்பின் தெரியாதவர்கள், அவர்களை நான் வாழ்நாள் முழுவதும் மறக்க மாட்டேன். பிள்ளை பதினொரு நாள் இருந்தாள். அதற்குப் பிறகு காலமாகிவிட்டாள்.

செய்தி நிற்கவில்லை. முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்த மறுநாளும் அழைப்பு வந்தது. ஆண்டுத் திவசத்தன்று காலை, படையலுக்குச் சோறு வடித்துக்கொண்டிருக்கும்போது, திருகோணமலையிலிருந்து ஒரு பொடியன் எடுத்து, “அக்கா, நான் பஸ்ஸில் ஏறிவிட்டேன், பிள்ளைக்கு இப்போது எப்படி இருக்கிறது?” என்று கேட்டான். தங்கை அகப்பையைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றாள். அவன் மேல் என்ன பிழை? நல்ல பிள்ளை. அவள் எண்ணை மாற்றவும் மறுத்துவிட்டாள்; மகள் கடைசியாகப் பேசிய குரல் பதிவெல்லாம் அந்த எண்ணில் வந்தது என்று சொல்வாள். மூன்று வருடம் அந்த அழைப்புகளை அவள் எடுத்தாள்.

நான் அனுப்பியது பொய்யல்ல. நாள் முடிந்ததும் அதைத் திரும்ப அழைக்க எனக்கு வழி இல்லாமல் போய்விட்டது. உண்மைச் செய்திக்கே இந்தக் கதி.

ஓய்வுநிலைத் தபாலதிபர்:

ஐயா, உங்கள் தங்கையை நினைத்து மனம் கனக்கிறது. பிரித்தானியாவில் கிரேக் ஷேர்கோல்ட் என்ற சிறுவனுக்கும் இதுவே நடந்தது. மூளையில் கட்டி வந்த அவனுக்காக 1989 இல் வாழ்த்து அட்டை கேட்டார்கள். அடுத்த ஆண்டே ஒரு கோடியே அறுபது இலட்சம் அட்டைகளோடு கின்னஸ் சாதனை முடிந்தது. 1991 இல் சத்திரசிகிச்சை செய்து அவன் குணமும் அடைந்தான். இனி அனுப்ப வேண்டாம் என்று குடும்பம் கெஞ்சிய பிறகும், அவன் வளர்ந்து ஆளான பிறகும், மூட்டை மூட்டையாக வந்துகொண்டே இருந்தன.

நாவலடியான்:

மாமா, நீங்கள் எழுதியதை இரண்டு தடவை வாசித்தேன். என் செய்தியை இப்போது குழுமத்திலிருந்து நீக்கிவிட்டேன். அதை என்னிடமிருந்து வாங்கி அனுப்பிய நான்கு பேருக்கும் தனித்தனியாக எடுத்துச் சொல்கிறேன்.

ஆயினும் ரீச்சரின் விதிக்கு என் கை இன்னும் உயரவில்லை. மூலத்தைப் பார் என்கிறீர்கள். அறிவித்தல்கள் பல நேரம் சிங்களத்தில் முதலில் வருகின்றன; தமிழில் வரும்போது சுணங்கிவிடுகிறது, அல்லது வாசித்து விளங்க முடியாத தமிழில் வருகிறது. இரவு இரண்டு மணிக்கு எனக்கு ஒரு செய்தி வந்தால், நெஞ்சு படபடக்கும்போது நான் யாரைக் கேட்பது? அதற்கு விடை சொல்லாமல் தடை மட்டும் போட்டால், நான் மறுபடியும் அனுப்பத்தான் செய்வேன். இதை மறைக்க விரும்பவில்லை.

வாவிக்கரை ஆசிரியை (கல்லடி):

தம்பி சொல்வது நியாயம். இந்தக் கேள்விக்கு விடை இல்லாமல் விதியை எழுதியது என் பிழை. நிறுத்தி வைக்கும் தண்டனையை நான் கைவிடுகிறேன். நீக்குவதை மட்டும் வைத்துக்கொள்வோம்.

அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117ஆம் இலக்கம் இரவும் பகலும் இயங்குகிறது. கணினி மோசடி, போலி மின்னஞ்சல் போன்றவற்றுக்கு 101 இருக்கிறது. மொழி இடித்தாலோ இலக்கம் கிடைக்காவிட்டாலோ, குழுமத்தில் போடுவதற்கு முன் எனக்கு அழைப்பு எடுங்கள். எனக்குச் சிங்களம் நன்றாக வரும். கேட்டு, விடையை நேரத்தோடும் என் பெயரோடும் நானே எழுதுகிறேன். மாறினால் நானே விலக்குகிறேன். தினமும் என்னால் முடியாது, இன்னும் ஆட்கள் வேண்டும்.

மருதமுனை நெசவாளன்:

வெள்ளி, சனி இரவுகளை நான் எடுத்துக்கொள்கிறேன். தறி வேலையில் எப்படியும் பிந்தித்தான் படுக்கிறேன்.

நாவலடியான்:

மழைக்காலத்து இரவுகளில் எனக்கு 2004க்குப் பிறகு சரியான தூக்கம் இல்லை. ஐப்பசியிலிருந்து தை வரை ஞாயிறு இரவுகளுக்கு என் பெயரைப் போடுங்கள், ரீச்சர்.